இரண்டு பேர் படுக்கும் டென்ட்

கடலூர் முதுநகர் மார்க்கெட்டில் ஜோசப்ராஜுக்கு அரைக் கிலோ கத்தரிக்காய் போடுவதற்குக்கூட ஆட்கள் யோசிப்பார்கள். பையை வாங்கி ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நானூத்தி அறுவதுதான் இருக்கு, மறுபடி போடு" என்பார். மறுபடி போட்டால் அச்சுப் பிசகாமல் நானூற்று அறுபதுதான் காட்டும். காய்க்காரர் அசடு வழிந்துகொண்டே இன்னும் இரண்டு காயை அள்ளிப் போடுவார். ஜோசப்ராஜ் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். உலகம் தன் காதில் பூச்சுற்றப் பார்க்கிறது என்பது அவருக்குப் புதுச் செய்தியா என்ன?

இந்தச் சந்தேகம் அவருக்குப் பிறவியிலேயே வந்ததா, வேலையில் ஒட்டிக்கொண்டதா என்று அவர் மனைவி ஜூலிக்கே தெரியாது. இருபத்தேழு வருடமாகச் சிதம்பரத்தில் ஒரு லாரி பார்சல் ஆபீஸில் புக்கிங் பார்க்கிறார். காலையில் முதுநகரில் ரயில் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று போய் இறக்கிவிடும். அப்போதிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அவரிடம் வருகிறவர்கள் எல்லாம் பொய்தான் சொல்வார்கள். துணி என்று சொன்ன மூட்டைக்குள் பம்ப்செட் வால்வு இருக்கும். அஞ்சு கிலோ என்று சத்தியம் செய்தவரின் பெட்டி ஏழரை காட்டும். தராசு மட்டும்தான் அவரிடம் இதுவரை உண்மை பேசியிருக்கிறது.

பெட்டியைப் பார்த்துப் பார்த்து மனுசரையும் எடைபோடும் வித்தை அவருக்கு வந்துவிட்டது. கூட வேலை செய்கிற சேரன் இதை வைத்து டீ பந்தயம் கட்டுவான்.

"அண்ணே, அந்த வெள்ளச் சட்டை?"

"எழுவத்தெட்டு."

சேரன் அந்த ஆளிடம் நைசாகப் பேசி, மூட்டை நிறுக்கும் பிளாட்பாரத் தராசில் ஏற்றிவிடுவான். எழுபத்தெட்டு, மிஞ்சினால் எழுபத்தெட்டே கால். அப்படி எத்தனை டீ குடித்திருப்பார் என்பதற்குக் கணக்கில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே மகள். மேரி ஷாலினி, இருபத்தைந்து வயது, சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள். போன ஜூன் மாதம் அவளுக்குக் கயாக் பைத்தியம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் முதல் பூசை முடிந்த கையோடு பிச்சாவரம். ஒல்லியான அந்தப் படகில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தட்டை வைத்த துடுப்பால் சுரபுன்னைக் காட்டுக்குள் தள்ளிக்கொண்டு போவதில் என்ன இருக்கிறது என்று ஜோசப்ராஜுக்குப் புரியவில்லை. புரியாத இடத்தில் அவருக்குச் சந்தேகம் வரும்.

"கூட யாரு யாரு?"

"டீம்ப்பா. எட்டுப் பேரு."

"எட்டுல எத்தன பொண்ணு?"

"நாலு."

"மீதி நாலு?"

"மீதி நாலு பொண்ணு இல்லப்பா."

அந்தப் பதிலே அவருக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, சம்பாதிக்கிற பெண். யோசித்து ஜூலியைக் கூப்பிட்டார். "நீயும் அவகூடப் போ. கரையில உக்காந்து ஜெபமாலை சொல்லிகிட்டு இரு. ஆனா கண்ண எடுக்காத" என்றார். ஜூலியும் தலையாட்டிவிட்டு வாராவாரம் போனாள்.

ஜூலிக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. சுனாமி அன்றைக்குத் தேவனாம்பட்டினத்தில் தங்கச்சி வீட்டில் இருந்தவள். நாலு வயது ஷாலினியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அரை மணி நேரம் தொங்கியிருக்கிறாள். அதற்குப் பிறகு வெள்ளிக் கடற்கரைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஊரெல்லாம் காணும் பொங்கலுக்குக் கடற்கரைக்குப் போனால் அவள் வீட்டில் உட்கார்ந்து உளுந்து புடைப்பாள். ஆகையால் வேவு பார்க்க இவளைவிடத் தோதான ஆள் கிடையாது, கரையைவிட்டு அசையமாட்டாள் என்பது ஜோசப்ராஜின் நம்பிக்கை. அவர் சந்தேகப்படாத ஒரே விஷயம் அதுதான்.

ஒவ்வொரு ஞாயிறு சாயங்காலமும் விசாரணை நடக்கும். "என்னா பாத்த?"

"ஒண்ணும் இல்லைங்க. புள்ளைங்க ஜாலியா போய்ட்டு வருதுங்க."

"அந்த சித்தார்த்து?" சித்தார்த் என்பவன் டீமை நடத்துகிற பையன். சிதம்பரத்தில் ஒரு வங்கியில் வேலை. ஷாலினியின் போனில் அவன் பெயர் அடிக்கடி மின்னும்.

"அவனும்தான் போய்ட்டு வர்றான்."

மழை ஓய்ந்து, பொங்கலும் போனது. ஒருநாள் சோறு போடும்போது ஷாலினி மெதுவாக ஆரம்பித்தாள். குடியரசு தினம் திங்கட்கிழமை வருகிறது, சனி ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றில் இறங்கி, வாய்க்கால் வாய்க்காலாகக் கயாக்கில் தெற்கே போய், தெரிந்தவர் சவுக்குத் தோப்பில் இரண்டு ராத்திரி டென்ட் போட்டுத் தங்குவதாகத் திட்டம். சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் சொல்லி அனுமதியும் வாங்கியாயிற்று.

ஜோசப்ராஜ் ராத்திரிகளை எண்ணினார். பகலில் படகு என்றால் ஒரு மாதிரி. இரண்டு ராத்திரி என்றால்? பெண் யாரையாவது விரும்பினால்கூட வந்து சொல்லட்டும், பேசிக்கொள்ளலாம் என்று நினைக்கிற அளவுக்கு நல்லவர்தான் அவர். தன் பெண்ணும் பார்சல் போட வருகிறவர்களைப் போலத் தன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு வேறொன்றை உள்ளே வைத்துக் கட்டிவிடுவாளோ என்பதுதான் அவருடைய பயம். அதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

"சரி, போ. ஆனா டென்ட்ட நான்தான் பாத்து எடுப்பேன்" என்றார்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவும் மகளும் போனும் இஞ்ச் டேப்புமாக உட்கார்ந்தார்கள். ஷாலினி விளக்கினாள். கயாக்கின் பின்பக்கம் சாமான் வைக்கிற துவாரம் ஒரு சாண் அகலம்தான், அதனால் டென்ட் பை நீளமாக இருந்தால் உள்ளே போகாது. நீர் வற்றுகிற நேரத்தில் மணலில் படகை இழுத்துக்கொண்டு நடக்கவேண்டிவரும், அதனால் கிராம் கிராமாகப் பார்த்துக் குறைக்கணும். மணலில் முளை நிற்காது, தானாகவே நிற்கிற டென்டாக இருக்கணும், சின்னப் பையில் மணலை அள்ளி மூலைக்கு மூலை கட்டிக்கொள்ளலாம். தைப் பனிக்குத் துணி இரண்டு அடுக்கு வேண்டும், இல்லாவிட்டால் விடியற்காலையில் உள்ளேயே சொட்டும்.

ஜோசப்ராஜ் ஒவ்வொன்றையும் தட்டிக் கழித்தார். ஒன்றின் பை அறுபது சென்டிமீட்டர். "போவாது." இன்னொன்றுக்குக் கம்பி ஃபைபர். "காத்துல சிலாம்பு சிலாம்பா உறியும். அலுமினியம் பாரு." மூன்றாவதில் போட்டோவில் இருந்த தையலைப் பெரிதாக்கிப் பார்த்து, "டேப் ஒட்டியிருக்கான்னு சொல்லவே இல்லியே, களவாணிப் பய" என்றார். ஷாலினிக்கே ஆச்சரியமாக இருந்தது. கடைசியில் அவள் ஒன்றைக் காட்டினாள். ஒரு கிலோ தொள்ளாயிரம், பை நாற்பத்திரண்டு சென்டிமீட்டர், அலுமினியம். எல்லாம் சரி. கீழே போட்டிருந்தது: இரண்டு பேர் படுக்கலாம்.

"ரெண்டு பேரா? நீ ஒத்த ஆளுதான?"

"பையெல்லாம் உள்ள வச்சிக்கணும்ப்பா. வெளிய வச்சா பனியில நனையும். நரி வேற இழுத்துட்டுப் போயிடும்."

"நரி" என்றார் ஜோசப்ராஜ். "இதே கம்பெனில ஒத்த ஆள் டென்ட் ஒண்ணு நானூறுதான். அரைக் கிலோ ஜாஸ்தியா எதுக்குச் சொமக்கணும்? கிராம் கிராமா கொறைக்கணும்னு இப்பதான சொன்ன?"

ஷாலினி பதில் சொல்லுமுன் சமையற்கட்டிலிருந்து ஜூலியின் குரல் வந்தது. "ரெண்டு பேரு டென்டே இருக்கட்டும்ங்க. காத்தாட இருக்கும்."

ஜோசப்ராஜ் கண்ணைச் சுருக்கினார். டென்டில் காற்றாட இருக்குமா இருக்காதா என்பது இவளுக்கு எப்படித் தெரியும்? அம்மாவும் மகளும் சேர்ந்துவிட்டார்களா? யாராவது அரைக் கிலோ அதிகமாகச் சுமக்கத் தயாராக இருக்கிறார்கள் என்றால் அதற்குள் ஏதோ இருக்கிறது. இருபத்தேழு வருட அனுபவம் அதைத்தான் சொன்னது. "ரெண்டையும் என் ஆபீசுக்கே வரவழை. எடபோட்டு ஒண்ண எடுத்துகிட்டு ஒண்ணத் திருப்பி அனுப்பிடுவோம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பெட்டியும் வந்து சேர்ந்தன. இரண்டு பேர் டென்டைத் தராசில் வைத்தார். இரண்டு கிலோ முன்னூற்றைம்பது. "சேரா! இங்க வாடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவில் போன ஆட்டோ நின்றது. அட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால் குட்டு வெளியே வந்தது. முளை, கயிறு, பை எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் ஒன்று தொள்ளாயிரமாம்! உடனே மகளுக்குப் போன் போட்டார்.

"நானூத்தம்பது கிராம மறைச்சிருக்கான் ஷாலு!"

"எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் போடுறாங்கப்பா. பரவால்ல, ரெண்டு பேரு டென்டே எடுத்துட்டு வாங்க."

அத்தனை பெரிய திருட்டைப் பிடித்துக் கொடுத்தும் பரவாயில்லை என்கிறாளே! அவருக்கு மூக்கில் வியர்த்தது.

மறுநாள் காலையில் சாப்பாட்டு மேசைமேல் ஒரு தாள் கிடந்தது. கயாக் வாடகைக்குக் கொடுக்கிற இடத்தில் நிரப்பவேண்டிய படிவம். ஷாலினி குளிக்கப் போயிருந்தாள். ஜோசப்ராஜ் படித்தார். இருவர் கயாக். இருவர் எடை மொத்தம்: நூற்றுப் பதினெட்டு. பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது.

ஷாலினி ஐம்பத்திரண்டு. கட்டிலுக்கடியில் ஒரு எடை மெஷின் வைத்திருக்கிறார், பிறந்ததிலிருந்து மாதாமாதம் அவளை ஏற்றிப் பார்த்தவர். நூற்றுப் பதினெட்டில் ஐம்பத்திரண்டு போனால் அறுபத்தாறு. இரண்டு பேர் படகு, இரண்டு பேர் டென்ட், அறுபத்தாறு கிலோவில் ஒரு ஆள். தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார். ஜூலி டிபன் பாக்ஸை நீட்டும்போது அவள் உள்ளங்கையில் இரண்டு இடத்தில் காப்புக் காய்த்திருந்ததைப் பார்த்தார். "என்னா இது?" என்றார். "தேங்கா துருவுனது" என்றாள். இதை அவர் அப்போதே மறந்தும்விட்டார். அவர் மனம் முழுக்க அறுபத்தாறில் இருந்தது.

கடவுளே கொண்டுவந்து விட்டதுபோல அன்றைக்கு மத்தியானம் சித்தார்த் பார்சல் ஆபீஸுக்கே வந்தான். சென்னையிலிருந்து டீமுக்கு வந்த லைஃப் ஜாக்கெட் மூட்டையை எடுக்க வந்திருந்தான். சிரித்த முகம், ஒட்ட வெட்டிய தலை. "அங்கிள், நல்லாருக்கீங்களா?"

ஜோசப்ராஜ் அவனை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளச் சட்டைக்காரரைப் பார்த்தமாதிரி பார்த்தால் அறுபத்தொன்பது என்றிருப்பார். ஆனால் அன்றைக்குப் பார்த்தது வேறு கண். "தம்பி, மெஷின் சரியா இருக்கான்னு பாக்கணும். அதுல கொஞ்சம் ஏறி நில்லு" என்றார்.

பாவம், அவன் ஏறினான். அறுபத்தொன்பது.

ஜோசப்ராஜ் கணக்குப் போட்டார். ஷூவுக்கு ஒரு கிலோ. பெல்ட், போன், சாவிக்கொத்து அரைக் கிலோ. இப்போதுதான் சாப்பிட்டிருப்பான், மீன் குழம்பாக இருந்தால் தாராளமாக ஒன்றரைக் கிலோ. ஆக, அறுபத்தாறு! இருபத்தேழு வருடத்தில் ஒரு வாடிக்கையாளருக்கும் சாக்கு எடையைக்கூடக் கழித்துக் கொடுக்காத மனிதர் அன்றைக்கு மூன்று கிலோவை மனமாரக் கழித்தார். சேரன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

அதற்குமேல் அவர் செய்தது அவருக்கே அழகில்லை. இரண்டு பேர் டென்டை ரேக்கின் அடித்தட்டில், ஒரு சணல் கட்டுக்குப் பின்னால் தள்ளினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒத்த ஆள் டென்டை மட்டும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

கூடத்தில் ஷாலினி பையை அவிழ்த்தாள். துணியைக் கையில் பிடித்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "இது ஒத்த ஆளுதாச்சே?"

"அதுல தையல் விட்டிருந்துச்சு. திருப்பி அனுப்பிட்டேன்" என்றார் ஜோசப்ராஜ். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் கரகரத்தது.

"என்னப்பா நீங்க! நாளைக்குக் காலைல கெளம்பணும். இதுல ரெண்டு பேரு எப்படிப் படுக்குறது?"

வார்த்தை வெளியே விழுந்துவிட்டது. ஷாலினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜோசப்ராஜ் நாற்காலியைவிட்டு எழுந்தார்.

"ரெண்டாவது ஆளு யாரு ஷாலு? அறுவத்தாறு கிலோ. எனக்கு எல்லாம் தெரியும். அந்தப் பையந்தான? எங்கிட்ட மறைக்கணும்னு எப்பத்துலேர்ந்து கத்துகிட்ட?" அதைச் சொல்லும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஷாலினி வாயைத் திறந்தாள். அதற்குள் ஜூலி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி சமையற்கட்டிலிருந்து வந்தாள். கட்டிலுக்கடியில் குனிந்து எடை மெஷினை இழுத்தாள். கூடத்தின் நடுவில் வைத்தாள். வெறுங்காலோடு ஏறி நின்றாள்.

அறுபத்தாறு.

"நல்லாப் பாத்துக்குங்க" என்றாள். "முள்ளு ஆடல இல்ல?"

ஜோசப்ராஜ் குனிந்து முள்ளைப் பார்த்தார்.

"எட்டு மாசமா நான் கரையில உக்காந்திருக்கேன்னு நெனச்சிகிட்டு இருந்தீங்களா? மொத மாசம் உக்காந்தேன். ரெண்டாவது மாசம் கால நனைச்சேன். ஒடம்பெல்லாம் ஒதறுச்சு. அந்தப் பையந்தான் 'இடுப்பளவு தண்ணிதான் ஆன்ட்டி, நான் புடிச்சிக்குறேன்'னு படகுல ஏத்துனான். ஷாலு முன்னாடி, நான் பின்னாடி. இப்ப வாய்க்கால்ல எந்த மொனையில எப்புடித் திருப்பணும்னு எனக்குத் தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க கேப்பீங்க. எவ்வளோ ஆழம், எவன் சொன்னான், கவுந்தா என்னா ஆவும், ஜாக்கெட்டு தையல் நல்லாருக்கான்னு கேப்பீங்க. ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பயம் திரும்பி வந்துடும். இருவது வருஷம் பயந்தது போதும்னு இருந்துச்சு." மெஷினைவிட்டு இறங்கினாள். "ஊர்ல போறவன் வர்றவன் எல்லாரையும் பாத்த ஒடனே எட சொல்றீங்களே. என்ன எப்பவாச்சும் பாத்தீங்களா?"

அவர் பார்த்ததில்லை. மகளை மாதாமாதம் ஏற்றிய மெஷினில் மனைவியை ஒருநாள்கூட ஏறச் சொன்னதில்லை. ஜூலி எத்தனை கிலோ என்று சேரன் பந்தயம் கட்டியிருந்தால் நாற்பத்தெட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார். அது கல்யாணத்தன்றைக்கு அவள் இருந்த எடை. வெட்கத்தில் அவர் காது இரண்டும் சுட்டன.

"தையல் விட்டிருந்தது நெஜமாப்பா?" என்றாள் ஷாலினி.

"இல்ல. ரேக்குல இருக்கு."

ஜூலி மெஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். "நீ போய்ட்டு வா ஷாலு. நான் வரல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

சனிக்கிழமை விடியும்போது ஜோசப்ராஜ் வீட்டில் இல்லை. முதல் ரயிலைப் பிடித்துச் சிதம்பரம் போய், சாவி வைத்திருந்த சேரனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, சணல் கட்டைப் புரட்டி டென்டை எடுத்து, அவன் பைக்கிலேயே பின்னால் உட்கார்ந்து பரங்கிப்பேட்டைக்குப் பறந்தார். "அண்ணே, என்னாண்ணே எழவு அவசரம்?" என்று சேரன் வழியெல்லாம் கேட்டான். ஜூலி வராமலிருந்தால் என்ன செய்வது என்பது மட்டும்தான் ஜோசப்ராஜுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மாதமாகச் சிறுகச் சிறுக அவள் சேர்த்த தைரியத்தைத் தான் ஒரே சாயங்காலத்தில் கலைத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

வெள்ளாற்றங்கரையில் ஐந்து கயாக்குகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றில் சித்தார்த் சாமானைக் கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "ஸ்ரீமதி, ஷாலினியோட அப்பா. மெஷின்ல ஏத்துனாருன்னு சொன்னேன் இல்ல?" என்றான். அந்தப் பெண் கழுத்துத் தாலியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டே வணக்கம் சொன்னாள். ஜோசப்ராஜ் ஆற்றைப் பார்த்தார்.

கடைசிக் கயாக்கின் பின்சீட்டில், சிவப்பு லைஃப் ஜாக்கெட்டும் ஷாலினியின் பழைய சுடிதாருமாக ஜூலி உட்கார்ந்திருந்தாள். மடிமீது துடுப்பு.

"நேத்து வரலன்னு சொன்ன?"

"நேத்து சொன்னேன். காலைல முழிச்சதும் வந்துட்டேன்."

அவர் பேண்ட் நனைய இறங்கி டென்டை நீட்டினார். அவள் வாங்கி, ஒரு கையில் ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்தாள், மார்க்கெட்டில் அவர் கத்தரிக்காய்ப் பையைத் தூக்குவது மாதிரியே.

"ரெண்டு முன்னூத்தம்பது இருக்குமா?"

"இருக்கும்" என்றார் ஜோசப்ராஜ்.

ஷாலினி அதை வாங்கிப் பின்பக்கத் துவாரத்தில் செருகினாள். அளவெடுத்ததுபோல உள்ளே போனது. ஜூலி காலடியில் கிடந்த ஒத்த ஆள் டென்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ரெண்டு ராத்திரிக்கு அங்க ஒத்த ஆளுதான."

துடுப்பைத் தண்ணீரில் ஊன்றித் தள்ளினாள். படகு தரையை விட்டது. ஜோசப்ராஜ் முழங்கால் தண்ணீரில் அந்தப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அதைத் தூக்கி எடை பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.